கொக்கியும் வயிறும்: வேட்டைக் கத்தியின் வளைந்த வாயைத் தீட்டுவது

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருந்ததன் சுருக்கம் இதுதான். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் குழுவில் சேர்ந்து ஓராண்டாகிறது. வாங்கிய கத்தி டி2 என்ற வகைக் கருவி எஃகு. அதன் நேரான பகுதியைத் தீட்டுக்கல்லில் கூராக்க வருகிறது. முனையை நோக்கி வளையும் பகுதி மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் மழுங்கலாகவே இருக்கிறது. முதுகில் உள்ள கொக்கிக்குள் எதை விட்டுத் தீட்டுவதென்று தெரியவில்லை. பிடியை ஒட்டிய பற்களைத் தொடவே பயம். பொறுமை இழந்து ஒரு பட்டறையில் சுழலும் சாணையில் கொடுத்ததில் முனை நீலம் பூத்துவிட்டது. கத்தி போய்விட்டதா என்று கேட்கிறார்.

போகவில்லை, தம்பி. ஆனால் அந்தச் சக்கரத்தின் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். நான் முதன்முதலில் தீட்டக் கற்றது அப்பாவின் பால்வெட்டுக் கத்தியில்தான். அந்தக் கத்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் வாய் மடங்கி ஒரு சிறு வாய்க்கால் போல் இருக்கும். நேரான கல்லில் வைத்துத் தேய்த்தால் வெளிப்பக்கம்தான் கல்லில் படும், உள்வளைவு படவே படாது. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையைக் காட்டினார். அந்த முறைக்கு உயிர் கத்தியின் கூர்தான். பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நின்றுவிட வேண்டும். மழுங்கிய கத்தி சீவாது, பிய்க்கும். பிய்க்கும் கத்தியை அழுத்தினால் படலம் காயப்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது.

அதனால் அப்பா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கு எடுப்புக்கு, கிளம்பும்போது வாசலில் நின்று, நெற்றி விளக்கைக் கையில் எடுத்து, கத்தியின் வாய்க்கு நேராகப் பிடிப்பார். வாயில் எங்காவது வெள்ளைக் கோடு போல் ஒளி மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று பொருள். கூரான வாய்க்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அகலம் கிடையாது, அது கறுப்பாகவே தெரியும். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, கை அறுபடும் பயமும் இல்லை. இன்றுவரை நான் செய்யும் முதல் காரியம் அதுதான். நீங்களும் கல்லை எடுப்பதற்கு முன் கைப்பேசி விளக்கில் உங்கள் கத்தியின் வாயை அடியிலிருந்து முனைவரை பாருங்கள். எங்கே மின்னுகிறதோ அங்கே மட்டும்தான் வேலை இருக்கிறது.

முதலில் அந்த நீலம். எஃகைச் சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடாக்கித்தான் அதற்குப் பதம் ஏற்றுகிறார்கள். நம் கொல்லர்கள் துவைச்சல் என்பார்கள். சாதாரணக் கரி எஃகு 220 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் காட்டும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். டி2 எஃகில் குரோமியம் ஏறக்குறைய 12 விழுக்காடு இருப்பதால் நிறம் தோன்றும் வெப்பம் சற்று மாறும். எப்படியானாலும் நீலம் வந்த இடம் மிகவும் சுட்டிருக்கிறது, அதன் பதம் போயிருக்கலாம். முனை மெல்லியது, சூட்டை உள்வாங்க அங்கே இரும்பு கிடையாது. அதனால்தான் எப்போதும் முனையே முதலில் நீலமாகிறது. ஒரு பழைய அரத்தின் ஓரத்தை நல்ல பகுதியில் மெல்ல இழுத்துப் பாருங்கள், வழுக்கும். நீலப் பகுதியில் இழுங்கள். அங்கே அரம் கடித்தால் எஃகு மென்மையாகிவிட்டது. அப்படியானால் அந்தப் பகுதியைக் கல்லில், தண்ணீர் விட்டு, கையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நீலம் மறைந்த பிறகும் இன்னும் சிறிது போக வேண்டும், ஏனெனில் சூடு நிறத்தைத் தாண்டியும் கொஞ்சம் பரவியிருக்கும். கத்தி இரண்டு மூன்று மில்லிமீட்டர் குட்டையாகும். அதனால் வேட்டையில் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி வளைவுகள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல் தட்டையானது, உங்கள் கத்தி வளைந்தது. வெளிப்பக்கம் வளைந்த வாய்க்குத் தட்டைக் கல் போதும், கைதான் வளைவைப் பின்தொடர வேண்டும். உள்பக்கம் குழிந்த வாய்க்குத் தட்டைக் கல் எந்தக் காலத்திலும் உதவாது. அங்கே குழிவைவிடச் சிறிய வளைவுள்ள ஒன்றைத்தான் கத்திக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் கத்தியில் இரண்டு வகையும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கல்லில் ஒரே மாதிரி தேய்த்ததுதான் தவறு.

கோணத்துக்கு வருவோம். வேட்டைக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி நல்ல அளவு. வாயிலிருந்து முதுகுவரை அகலம் 30 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தக் கோணம் வந்துவிடும். அளவுகோல் இல்லையென்றால் காகிதத்தின் ஒரு மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடியுங்கள். 90 டிகிரி 45 ஆகி, பிறகு 22.5 ஆகும். அந்த ஆப்பைக் கல்லின் ஓரத்தில் நிறுத்தி வைத்துக் கத்தியை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதைவிடவும் நம்பத்தக்கது கறுப்பு மார்க்கர் பேனா. வாயை ஒட்டிய சரிவு முழுவதையும் மையால் பூசிவிட்டுக் கல்லில் நான்கு முறை இழுங்கள். மை வாய்வரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கத்தி அதிகம் படுத்திருக்கிறது. வாயின் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. வளைந்த பகுதியில் இந்த மை இல்லாமல் நான் இன்றும் தொடங்குவதில்லை.

முனையை நோக்கி வளையும் பகுதியை நாங்கள் வயிறு என்போம். தோலுரிப்பதில் பெரும்பாலான வேலையைச் செய்வது இந்த வயிறுதான். அதில் நிகழ்வதைக் கவனியுங்கள். நேரான பகுதியைத் தேய்த்துக்கொண்டே முனைப்பக்கம் வரும்போது வாய் மேல்நோக்கி வளைகிறது. கை அதே மட்டத்தில் இருந்தால் வளைந்த பகுதியின் வாய் கல்லைத் தொடுவதே இல்லை, அதற்கு மேலே உள்ள சரிவுதான் தேய்கிறது. நீங்கள் எவ்வளவு தேய்த்தும் மழுங்கலாகவே இருக்கக் காரணம் இது. வாய் வளையத் தொடங்கும் இடத்திலிருந்து பிடியைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். முழங்கை உடம்பை விட்டு வெளியே, மேலே எழ வேண்டும். அதே நேரத்தில் மணிக்கட்டு திரும்பி, கல்லில் படும் இடம் எப்போதும் நீங்கள் இழுக்கும் திசைக்குக் குறுக்காகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே அசைவாகச் சேர வேண்டும். தோசைக்கல்லில் மாவை ஊற்றிக் கரண்டியால் சுழற்றும் கையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை நிற்பதில்லை, அழுத்துவதும் இல்லை.

முதலில் இதை ஒரே இழுப்பில் செய்ய முயல வேண்டாம். வயிற்றை மூன்று துண்டாகப் பிரியுங்கள். வளைவு தொடங்கும் இடம், நடு, முனையை ஒட்டிய இடம். ஒவ்வொரு துண்டையும் தனியாக, கை மட்டத்தை அதற்கேற்ப வைத்து, சிறு சிறு இழுப்பாகத் தீட்டுங்கள். மூன்றும் கூரான பிறகு கடைசி ஐந்தாறு இழுப்பை அடியிலிருந்து முனைவரை நீளமாக இழுத்து மூன்றையும் இணைத்துவிடலாம். முனைக்கு வந்ததும் கத்தி கல்லை விட்டு வெளியே சறுக்கக் கூடாது. கல்லின் மேலேயே நிறுத்தித் தூக்குங்கள். இளவயதில் ஒருவருடைய புதுக் கத்தியை வாங்கி, ஒவ்வொரு இழுப்பிலும் முனையைக் கல்லின் ஓரத்தில் சறுக்கவிட்டு, முனையை உருண்டையாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார். அந்த விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எப்போது நிறுத்துவது? பிசிறு எழும்போது. ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததும் மறுபக்கம் மயிரிழை போல ஓர் இரும்பு ஓரம் மடிந்து நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக நகர்த்தினால் சிறு கொக்கிபோல் இடறும். வாயின் நீளத்தில் விரலை ஓட்டவே கூடாது. பஞ்சை வைத்துப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு, பிசிறு உள்ள இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். அடியிலிருந்து முனைவரை விட்டுப்போகாமல் பிசிறு எழுந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். வயிற்றில் ஓரிடத்தில் மட்டும் பிசிறு இல்லையென்றால் அங்கே இன்னும் கல் படவில்லை. எல்லாப் பக்கமும் பத்து முறை, இருபது முறை என்று எண்ணிக்கை வைத்துத் தீட்டுபவர்களின் கத்தியில் வயிறு எப்போதும் மழுங்கியே இருப்பது இதனால்தான்.

கல்லைப் பொறுத்தவரை டி2 பிடிவாதமான எஃகு. கரிமம் ஒன்றரை விழுக்காடு, அதோடு நிறையக் குரோமியம். இரண்டும் சேர்ந்து கடினமான துகள்களாக உள்ளே நிற்கின்றன. சாதாரணக் கல்லும் வேலை செய்யும், ஆனால் மாலை முழுக்கத் தேய்க்க வேண்டியிருக்கும். வைரத்தூள் பதித்த தகடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டின் எண் கூடக் கூடத் தூள் நைசாகும். 400 எண்ணில் வடிவத்தைக் கொண்டுவந்து, 1000 எண்ணில் முடித்தால் தோலுக்கும் இறைச்சிக்கும் போதும். அதற்குமேல் கண்ணாடிபோல் மெருகேற்றுவதைப் பன்றித் தோலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சற்றே சொரசொரப்பான வாய் தோலை நன்றாகக் கடிக்கும். வைரத் தகட்டில் அழுத்த வேண்டாம். கத்தியின் எடையும் இரண்டு விரல்களின் எடையும் போதும்.

சிலருடைய கத்தியில் வாயின் நடுப்பகுதியே உள்நோக்கிக் குழிந்திருக்கும். உங்களுடையது அப்படியில்லை, ஆனால் குழுவில் யாரிடமாவது இருக்கும். அதற்கு வழி நம் செம்பனைத் தோட்டங்களிலேயே இருக்கிறது. உயரமான மரத்தில் குலை அறுக்கும் வளைந்த அரிவாளை எப்படித் தீட்டுகிறார்கள் என்று பாருங்கள். அரிவாளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, கல்லைத்தான் வளைவின் மேல் நடத்துகிறார்கள். இரும்புக் கடைகளில் படகுபோல் இரு முனையும் குறுகிய கல் கிடைக்கும். அதன் உருண்ட ஓரம் குழிவுக்குள் நன்றாகப் பொருந்தும். கத்தியை மேசை ஓரத்தில் துணி போட்டு, வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அழுத்திப் பிடித்து, கல்லை நகர்த்துங்கள். கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் மேல் விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது.

இப்போது கொக்கி. இது என் மனத்துக்கு நெருக்கமான பகுதி, ஏனெனில் பால்வெட்டுக் கத்தியின் உள்வளைவும் இதுவும் ஒரே குடும்பம். கொக்கியின் வேலை வயிற்றுத் தோலை உள்ளிருந்து வெளியே கிழித்துத் திறப்பது. அதன் உருண்ட மூக்கு குடலைத் தள்ளிக்கொண்டே போகும், உள்வளைவில் இருக்கும் வாய் தோலை மட்டும் அறுக்கும். அந்த வாய் மழுங்கினால் நீங்கள் பலம் கொடுத்து இழுப்பீர்கள். பலம் கொடுத்து இழுத்தால் எங்கே போகும் என்று தெரியாது.

தீட்டும் குச்சியின் பருமன்தான் இங்கே எல்லாம். கொக்கியின் வளைவைவிடப் பருமனான குச்சியை விட்டால் அது கொக்கி திறந்திருக்கும் பக்கத்து இரண்டு தோள்களில் மட்டும் இடிக்கும். அடிவளைவு தேயாது, கொக்கியின் திறப்பு மட்டும் அகன்றுகொண்டே போகும். மிகவும் மெல்லிய குச்சியை விட்டால் அடியில் சிறு சிறு பள்ளங்கள் விழும். வளைவோடு பொருந்தும் பருமன், அல்லது அதைவிட ஒரு நூலளவு குறைவு, அதுதான் சரி. நுனி குறுகி அடி பருத்த வைரக்கோல் கடைகளில் கிடைக்கிறது. எந்த இடத்தில் பொருந்துகிறதோ அதுவரை உள்ளே விட்டுக்கொள்ளலாம். அது இல்லையென்றாலும் கவலை இல்லை. சீனர் உணவுக்கடையில் தரும் மரக்குச்சியை எடுத்து, 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றுங்கள். தண்ணீரில் பயன்படுத்தும் கறுப்புத் தாள் வேண்டும். துளையிடும் கம்பியின் பள்ளமில்லாத அடிப்பகுதியும் இதற்கு நன்றாக உதவும், அது மரக்குச்சியைப் போல் வளையாது.

தொடங்குமுன் கொக்கியை விளக்கில் காட்டி அதன் சரிவு ஒரு பக்கமா இரு பக்கமா என்று பாருங்கள். தொழிற்சாலை எப்படித் தந்ததோ அப்படியே தொடர வேண்டும். சரிவு உள்ள பக்கத்தில் மை பூசுங்கள். கத்தியை முதுகு மேலே இருக்கும்படி நிறுத்தி அசையாமல் பிடியுங்கள். குச்சியைக் கத்தியின் பக்கவாட்டோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, அந்தச் சரிவில் படியும் வரை கொஞ்சம் நிமிர்த்துங்கள். பிறகு வாயிலிருந்து விலகும் திசையில் மட்டும் இழுங்கள். வாயை நோக்கித் தள்ளினால் உப்புத்தாள் அறுந்துவிடும். இழுக்கும்போதே குச்சியை விரலிடையில் உருட்டிக்கொண்டு, வளைவின் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குப் போங்கள். கறுத்த சேறு குச்சியில் சேரும், துடைத்துவிட்டுத் தொடருங்கள். இருபது இருபத்தைந்து இழுப்புக்குப் பிறகு மையைப் பாருங்கள். அடிவளைவில் மை அப்படியே இருந்தால் குச்சி பருமன், மாற்றுங்கள். பிசிறு எழுந்ததும் சரிவு ஒரு பக்கம் மட்டும் உள்ள கொக்கியாயிருந்தால், மறுபக்கம் தட்டையாக இரண்டே முறை மெல்லத் தடவிப் பிசிறை எடுங்கள். இருபக்கச் சரிவென்றால் மறுபக்கமும் அதே வேலை.

பற்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அதே குறுகும் கோலை ஒவ்வொரு பள்ளத்திலும் பொருந்தும் இடம்வரை விட்டு, சரிவு உள்ள பக்கத்தில் மட்டும் ஐந்தாறு முறை இழுங்கள். தட்டையான பக்கத்தைக் கல்லில் ஒரு முறை படுக்க வைத்துப் பிசிறை எடுத்தால் போதும். தட்டைப் பக்கத்தைத் தீட்டத் தொடங்கினால் பற்கள் நாளடைவில் கரைந்துவிடும்.

கடைசியாகத் தோல். பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பச்சை மெருகு மெழுகைப் பூசி, வாய் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறு போய்விடும். வயிற்றுக்குப் பெல்ட்டை ஓர் உருளைக் கட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். இறுக்கமில்லாமல் தொங்கும் பெல்ட்டில் இழுக்காதீர்கள், அது வாயைச் சுற்றி மடிந்து கூரை உருட்டிவிடும். கொக்கிக்கு மட்டும் ஒரு சிறு வழி உண்டு. மெல்லிய தோல் கயிறு, அது கிடைக்காவிட்டால் பருத்திச் சப்பாத்துக் கயிறு, அதில் மெழுகைத் தேய்த்து இரு முனையையும் எங்காவது இழுத்துக் கட்டுங்கள். கயிறு கொக்கியின் சரிவில் படும்படி கத்தியைச் சாய்த்து, வாயிலிருந்து விலகும் திசையில் மட்டும் நகர்த்துங்கள். முடித்தபின் ஒரு நாளிதழை நான்காக மடித்து அதன் ஓரத்தைக் கொக்கியில் விட்டு இழுத்துப் பாருங்கள். பிய்யாமல் அறுபட வேண்டும்.

தீட்டிய கூர் நிற்பது நீங்கள் பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. பன்றி சேற்றில் புரளும் விலங்கு. அதன் மயிரில் காய்ந்த மண் கத்திக்கு உப்புத்தாள் மாதிரிதான். முதல் வெட்டு விழும் இடத்தையாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கூடியவரை தோலை உள்ளிருந்து வெளியே அறுங்கள், மயிரின் மேலிருந்து அறுக்க வேண்டாம். எலும்பில் வயிற்றுப் பகுதியைக் கொண்டு வெட்டாதீர்கள், அதற்குப் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளை மினரல் எண்ணெய் ஒரு துளி பூசி, தோல் உறைக்கு வெளியே வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் தோல் உறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டி2 முழுமையான துருப்பிடிக்காத எஃகு இல்லை.

வேட்டை உரிமம் பற்றி உங்கள் குழுத் தலைவர் சொல்லியிருப்பார். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நண்பர் பெயரில் இருந்தால் போதாது. கத்தியைத் தீட்டக் கொண்டுவரும்போதும் இடுப்பில் செருகிக்கொண்டு பட்டணத்துக்குள் வராதீர்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் நான் கடைவரிசையின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் கல்லோடு இருப்பேன். அதற்குள் வயிற்றை மூன்று துண்டாகப் பிரித்துத் தீட்டும் பயிற்சியை வீட்டில் உள்ள பழைய சமையல் கத்தி ஒன்றில் செய்து பாருங்கள், மை பூசித்தான். அதையும் எடுத்து வாருங்கள். மை அழிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் முழங்கை எந்த இடத்தில் எழாமல் நின்றுவிடுகிறது என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு அந்த நீல முனையை இருவரும் சேர்ந்து தண்ணீர் விட்டு எடுப்போம்.